இணையக் குடிமையும் இல்லம் நாடும் பணியாளரும்

குடிமை என்னும் சொல்லை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றோம். வரி செலுத்துதல், வாக்களித்தல், பொதுச்சொத்தைக் காத்தல், அண்டை வீட்டாரோடு இசைந்து வாழ்தல் ஆகியன நற்குடிமகனின் கடமைகள் எனப் பாடநூல் கூறிற்று. நாமும் தேர்வில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். ஆயின், இன்று நம் நாளில் பெரும்பகுதி வேறோர் ஊரில் கழிகின்றது. அவ்வூருக்குத் தெருவில்லை, எல்லைக்கல் இல்லை, இரவும் பகலும் இல்லை. கைப்பேசித் திரையே அதன் வாயில். அங்கே பேசுகிறோம், வாங்குகிறோம், விற்கிறோம், நட்புக் கொள்கிறோம், பகையும் கொள்கிறோம். ஆதலின் அங்கும் ஒரு குடிமை வேண்டுமன்றோ? அதனையே இணையக் குடிமை என்பர்.

அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிபிள் என்பார் இதனை ஒன்பது கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். பின்னர் அவற்றையெல்லாம் மூன்று சொற்களுள் அடக்கினார்: மதித்தல், கற்பித்தல், காத்தல். தன்னையும் பிறரையும் மதித்தல், தனக்கும் பிறர்க்கும் கற்பித்தல், தன்னையும் பிறரையும் காத்தல் என நாம் அவற்றை விரித்துக்கொள்ளலாம். கருத்து எளிது. இதனை வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பவர் யார் என்பதே கடினமான வினா. சட்டம் சேர்க்கும் என்பர் சிலர். பள்ளி சேர்க்கும் என்பர் சிலர். இவ்விரண்டும் தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை நான் கண்டது என் ஊராகிய ஆனேக்கல்லில், என் பதினான்காம் வயதில். சமூகப்பணி பயிலும் மாணவனாக இன்று நான் எழுதும் இக்கட்டுரைக்கு வித்து அன்று ஊன்றப்பட்டதே.

நான் அனுப்பிய செய்தி

ஆனேக்கல், பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி வட்டம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஓசூர். சிகணி, பொம்மசந்திரா ஆகிய தொழிற்பேட்டைகள் இவ்வட்டத்தில் உள்ளன. ஆதலின் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் இந்தியும் ஒரே தெருவில் ஒலிக்கும். பிழைப்புத் தேடி வந்தோர் பலர். எங்கள் குடும்பமும் தருமபுரிப் பக்கத்திலிருந்து அவ்வாறு வந்ததே.

2018-ஆம் ஆண்டு மே மாதம். எட்டாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்தேன். அப்பாவின் கைப்பேசி மாலைப் பொழுதில் என் கையில் இருக்கும். குழந்தை கடத்துவோர் கூட்டம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றும், போர்வை விற்பவர்போல் வருவர் என்றும் ஒரு குரல்செய்தி சித்தப்பாவிடமிருந்து வந்தது. கேட்டதும் நெஞ்சு பதறிற்று. எனக்கு நான்கு வயதில் ஒரு தங்கை. ஊருக்கு நன்மை செய்கிறோம் என்னும் நினைப்பில் எங்கள் தெருக்குழுவுக்கும் அப்பாவின் தொழிற்சாலைக் குழுவுக்கும் அதனை அனுப்பினேன். அதற்கு எனக்கு ஒரு நொடி ஆயிற்று.

மறுநாட் காலை, வடநாட்டார் ஒருவர் போர்வை மூட்டையோடு எங்கள் தெருவுக்கு வந்தார். பத்துப் பேர் சூழ்ந்தனர். சிறிது நேரத்தில் முப்பது பேர் ஆயினர். அவர் பேசிய இந்தி பலர்க்கு விளங்கவில்லை. விளங்காத பேச்சே குற்றத்துக்குச் சான்றாயிற்று. எவரோ கை ஓங்கினார். காதோரம் குருதி கண்டேன்.

அப்பொழுது தெருக்கோடி அங்கன்வாடியின் டீச்சரம்மா கையில் ஒரு தடித்த பதிவேட்டோடு வந்தார். அவர் கன்னடத்தவர், ஆயினும் எங்களோடு தமிழில் பேசுவார். கூட்டத்தை விலக்கி, அம்மனிதர்க்கு முன்னே நின்றார். அவர் குரல் உயரவில்லை.

“இந்தத் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவர் பெயரும் இதில் இருக்கிறது. எந்தக் குழந்தையைக் காணவில்லை? பெயரைச் சொல்லுங்கள்” என்றார்.

எவரும் ஒரு பெயரும் சொல்லவில்லை. “இங்கே இல்லையம்மா, பக்கத்து ஊரில்” என்றார் ஒருவர். “எந்த ஊர்? அவ்வூர் அங்கன்வாடியின் எண் என்னிடம் இருக்கிறது, இப்பொழுதே கேட்கலாம்” என்றார் அவர். ஊர்ப் பெயரும் வரவில்லை. பின்னர் அவர், “இவருடைய மகன் என் மையத்தில்தான் படிக்கிறான். இவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர். நம் பின்தெருவில் குடியிருக்கிறவர்கள்” என்றார். கூட்டம் தளர்ந்தது. ஒவ்வொருவராகக் கலைந்தனர். அடித்தவர் முதலில் போனார்.

அன்று மாலை டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைக் கடியவில்லை, கடிந்திருந்தால் மறந்திருப்பேன். “தம்பி, இது உனக்கு எங்கிருந்து வந்தது? கேட்டுப் பார்ப்போமா?” என்றார். அப்பா ஓசூரில் உள்ள சித்தப்பாவை அழைத்தார். சித்தப்பாவுக்கு உடன் வேலை செய்பவர் அனுப்பியிருந்தார். அவர்க்குக் கிருஷ்ணகிரியில் உள்ள மைத்துனர். மைத்துனர்க்கு ஏதோ ஒரு குழு. அக்குழுவில் அனுப்பியவர் யாரென்று அவர்க்கே தெரியாது. எங்களையும் சேர்த்து நால்வரும் நல்லவர்கள். ஐந்தாமவர் யாரென்று நால்வரும் அறியோம். “நல்லவர்கள் கையால்தான் பொய் இவ்வளவு தூரம் வருகிறது” என்றார் டீச்சரம்மா. எந்தக் குழுக்களுக்கு அனுப்பினேனோ அவற்றுக்கெல்லாம், “நேற்று நான் அனுப்பியது தவறு” என என்னையே எழுதி அனுப்பச் செய்தார். மறுநாள் அப்பா என்னை அந்தப் போர்வை வணிகரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காதில் பஞ்சு வைத்திருந்தார்.

நாடு கண்ட பாடம்

எங்கள் தெரு தப்பியது. தப்பாத இடங்கள் உண்டு. அதே மாதம் 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயில் தேடி வந்த ஒரு குடும்பத்தார் வழியில் கண்ட சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்தனர். கடத்துவோர் எனக் கருதிய கூட்டம் அவர்களைத் தாக்கியது. 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். 23-ஆம் நாள் பெங்களூரில் சாமராசப்பேட்டையில், பிழைக்க வந்த இராசத்தான் இளைஞர் ஒருவர் அவ்வாறே அடித்துக் கொல்லப்பட்டார். அவ்விருவரும் எவர் குழந்தையையும் தொட்டவரல்லர்.

இதற்கு ஆறாண்டு முன்பும் பெங்களூர் ஒரு பாடம் கற்றது. 2012 சூலையில் அசாமில் கலவரம் நிகழ்ந்தது. அதன் எதிரொலியாக வடகிழக்கு மக்கள் தாக்கப்படுவர் என்னும் வதந்தி ஆகத்து மாதத்தில் குறுஞ்செய்தியாகப் பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலையும் படிப்பும் விட்டுப் பெங்களூர் இரயில் நிலையத்தில் குவிந்தனர். கௌகாத்திக்குச் சிறப்பு வண்டிகள் விடப்பட்டன. நடுவண் அரசு ஆகத்து 17-ஆம் நாள், ஐந்துக்கு மேற்பட்ட குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்புவதை 15 நாட்களுக்குத் தடைசெய்தது.

2018 சூலையில் வாட்ஸ்அப் நிறுவனமும் அதே ஐந்து என்னும் எண்ணையே பற்றியது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் திருப்பியனுப்ப இயலாதவாறு வரம்பு கட்டிற்று. வரம்பு நன்றே. ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐவர்க்கு அனுப்புகிறார், அவ்வைவர் ஒவ்வொருவரும் வேறு ஐவர்க்கு அனுப்பினால் 25, அடுத்து 125, அடுத்து 625, ஐந்தாம் முறை கைமாறும்போது 3,125. வரம்பு ஓட்டத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. அனுப்பும் விரல் தானே நின்றாலன்றி அது நிற்காது.

விரலை நிறுத்த முயன்றவர்களும் உண்டு. தெலங்கானத்தில் சோகுலாம்பா கதுவால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக 2018-இல் இருந்த இரமா இராசேசுவரி, காவலர்களை ஊர் ஊராக அனுப்பி மக்களோடு பேசச் செய்தார். பறையறைந்தும் நாட்டுப்புறப் பாட்டுப் பாடியும் பொய்ச்செய்தியின் தீங்கை உணர்த்தினர். கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிருவாகம் அதே ஆண்டு அரசுப் பள்ளிகள் பலவற்றில் பொய்ச்செய்தியைப் பகுத்தறியும் வகுப்புகள் நடத்தியது. இவ்விரண்டிலும் ஓர் ஒற்றுமை காண்கிறோம். அறிவுரை கைப்பேசி வழியே வரவில்லை. முகம் தெரிந்த ஒருவர் நேரில் வந்து சொன்னார்.

யார் இப்பணியாளர்?

குடும்பநலப் பணியாளர் எனும்போது தொழில்முறையாகக் குடும்பத்தோடு பழகும் அனைவரையும் குறிக்கின்றேன். குழந்தை மருத்துவர், பள்ளி உளவள ஆலோசகர், சமூகப்பணியாளர், குடும்பநல நீதிமன்றத்தில் கணவன் மனைவியரோடு பேசும் ஆலோசகர் ஆகியோர் இவ்வரிசையில் வருவர். நம் நாட்டில் இவர்கள் அனைவரினும் வீட்டுக்கு அணுக்கமானவர் இருவர். ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று, கருநாடகத்தின் தி. நரசிபுரம் அவற்றுள் ஒன்று. மற்றவர் 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின்வழி வந்த ஆசா பணியாளர். ஏறத்தாழ ஆயிரம் மக்கட்கு ஒருவர் என்பது திட்டம்.

இவர்கட்கு உள்ள வலிமை யாது? காவலர் வந்தால் வீடு அஞ்சும். ஆசிரியர் பிள்ளையை அறிவார், பாட்டியை அறியார். விளம்பரம் எவரையும் அறியாது. இப்பணியாளரோ எந்த வீட்டில் யார் இருக்கிறார், எக்குழந்தைக்கு எடை குறைவு, எம்மருமகள் கருவுற்றாள் என்பதெல்லாம் அறிவார். அவர்க்கு வீட்டைப்பற்றிய அறிவும் உண்டு. வீட்டாரின் நம்பிக்கையும் உண்டு. அன்று எங்கள் தெருவில் கூட்டத்தை நிறுத்தியவை அவ்விரண்டுமே. பதிவேடு அறிவைத் தந்தது. பல்லாண்டுப் பழக்கம் நம்பிக்கையைத் தந்தது. ஒன்று மட்டும் இருந்திருப்பின் கூட்டம் நின்றிராது.

மற்றொன்றும் கருதத்தக்கது. எங்கள் வட்டத்தைப் போன்ற பன்மொழி ஊரில், பிள்ளை கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறான். தாய் தமிழ் மட்டும் அறிவாள். கைப்பேசியில் வரும் செய்தியைப் பிள்ளையே பெற்றோர்க்குப் படித்துச் சொல்கிறான். பணம் செலுத்துவதும் அவனே. கருவியை அறிந்தவன் பிள்ளை; உலகை அறிந்தவர் பெற்றோர். பிள்ளைக்கு விரைவு உண்டு, முதிர்ச்சி இல்லை. பெற்றோர்க்கு முதிர்ச்சி உண்டு, கருவியைத் தொட அச்சம். இவ்விரு அறிவையும் ஒரே திண்ணையில் அமர்த்திவைக்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். டீச்சரம்மா அன்று செய்தது அதுவே. அழைத்தவர் அப்பா, எழுதியவன் நான்.

செய்யத்தக்கன

இப்பணியாளர்கள் செய்யக்கூடியவற்றை நான்காக வகுத்துக் காண்போம்.

முதலாவது, வினவும் பழக்கத்தை ஊட்டல். ‘யார் சொன்னது? எந்த ஊர்? என்று நடந்தது?’ என்னும் மூன்று வினாக்களைக் குடும்பத்தார் கேட்கப் பழகினால் பெரும்பாலான வதந்திகள் வாயிலிலேயே வீழும். இது புதுமையன்று. திருக்குறளில் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்துப் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் உண்டு. நாவுக்கு முன்னோர் கட்டிய வரம்பை விரலுக்கும் கட்டுதல் நம் காலத்துக் கடமை.

இரண்டாவது, வீட்டுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தல். உலக நலவாழ்வு நிறுவனம் 2019 ஏப்பிரலில் வெளியிட்ட நெறிமுறை, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், 2 முதல் 4 வயதுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டா என்றும் கூறுகிறது. சோறூட்டத் திரையைக் காட்டும் தாய்க்கு இதனை எடுத்துச் சொல்லக் குழந்தை மருத்துவரினும் அங்கன்வாடிப் பணியாளரினும் ஏற்றவர் யார்? ஆயின் ஒழுங்கு பெரியவர்க்கும் வேண்டும். தந்தை உண்ணும்போது கைப்பேசி பார்ப்பாராயின் மகனுக்குச் சொல்லும் அறிவுரை பலிக்காது.

மூன்றாவது, வழி காட்டல். இணையத்தில் பணம் பறிகொடுத்தவர் முதலில் வெட்கத்தால் வாய் மூடுவர். அதற்குள் பணம் பல கணக்குகள் மாறிவிடும். 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. குழந்தைக்குத் துன்பம் நேரின் 1098. ‘டிஜிட்டல் கைது’ எனக் கூறி முதியோரை மிரட்டும் மோசடி பெருகியுள்ளது. அவ்வாறு ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை என அரசு தெளிவாக அறிவித்துள்ளது. கைப்பேசியை விட இயலாமல் தவிக்கும் இளைஞர்க்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014-இல் தனி மருத்துவப் பிரிவே தொடங்கியது. மனத்துயர் உற்றோர்க்கு 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி உதவி உண்டு. இவ்வெண்களை அறிந்த ஒருவர் தெருவில் இருந்தால் அத்தெருவே அறிந்ததாகும்.

நான்காவது, தவறியவரைத் திருத்தல். பொய்யை அனுப்பியவனைப் பலர்முன் இழித்துரைத்தால் அவன் அடுத்தமுறை மறைவாக அனுப்புவான். தான் அனுப்பிய இடத்துக்கே சென்று தவறு என்று சொல்லச் செய்தால் இனி அனுப்பு முன் எண்ணுவான். இதற்கு நானே சான்று.

எச்சரிக்கை

நிற்க. இப்பணியில் இடர்களும் உள. வீட்டுக்குள் நுழையும் உரிமை பெற்றவர் ஒற்றராகிவிடலாகாது. எவர் கைப்பேசியில் என்ன உள்ளது எனத் துருவுவது அவர் வேலையன்று. தனிவாழ்வு காக்கும் உரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகத்து 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கருநாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி என்பது நம் மாநிலத்தவர் நினைவில் கொள்ளத்தக்கது. தாய் தந்தையர்க்கு முன் பிள்ளைக்கும் ஓரளவு தனிமை உண்டு. குழந்தைகளின் உரிமைகள் இணைய உலகிலும் செல்லும் என ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைக் குழு 2021-இல் விளக்கியுள்ளது.

கற்பிப்பவரும் கற்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் கையிலும் இன்று கைப்பேசி உண்டு. குழந்தைகளின் எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஊட்டச்சத்துப் பொருளைப் பெற முகப்பதிவு 2025 சூலை முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெற்ற படங்களையும் விவரங்களையும் வேறு குழுக்களில் பகிராமல் காப்பதே அவர்தம் இணையக் குடிமையின் முதற்பாடம்.

இவை அனைத்தையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குவதும் அறமாகாது. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியமே. ஊட்டச்சத்தும் கணக்கெடுப்பும் முன்பருவக் கல்வியும் ஏற்கெனவே அவர் தோளில் உள்ளன. புதிய பணி தருவோர் பயிற்சியும் நேரமும் தக்க ஊதியமும் உடன் தரவேண்டும்.

முடிவாக

ஆத்திரேலிய நாடு 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க 2024-இல் சட்டம் இயற்றி, 2025 திசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் பயனைக் காலம் காட்டும். ஆயினும் 16 வயது நிறைந்த மறுநாள் அச்சிறுவன் கதவைத் திறந்து உள்ளே செல்லத்தான் போகிறான். அன்று அவன் கையில் இருக்கவேண்டிய அறிவை எச்சட்டமும் தராது. அவனை அறிந்த ஒருவரே தரமுடியும்.

மாணவ நண்பர்களே! நம்முள் சிலர் நாளை மருத்துவராவோம், சிலர் ஆசிரியராவோம், என்போன்ற சிலர் சமூகப்பணியாளராவோம். அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ ஒரு செய்தியை அனுப்பி, ‘இது உண்மையா?’ என்று நம்மைத்தான் கேட்கிறார்கள். படித்த பிள்ளை என்னும் நம்பிக்கையில் கேட்கிறார்கள். விடுதி அறையில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்து போகிறோம். இனி அழைத்துப் பேசுவோம். எங்கிருந்து வந்தது என்று உடனிருந்து தேடுவோம். விடுமுறைக்குச் செல்லும்போது தெருக்கோடி அங்கன்வாடிக்கு ஒருமுறை சென்று, அங்குள்ளவர்க்குக் கைப்பேசியில் உதவி ஏதேனும் வேண்டுமா என்று கேட்போம்.

எங்கள் டீச்சரம்மா அண்மையில் ஓய்வு பெற்றார். சென்ற பொங்கலுக்கு அவரைக் காணச் சென்றேன். போர்வை வணிகரின் மகன் இப்பொழுது ஆறாம் வகுப்புப் படிப்பதாகச் சொன்னார். கன்னடத்தில் நன்றாக எழுதுகிறானாம். அவன் தந்தை இன்றும் எங்கள் தெரு வழியாகவே போர்வை விற்கச் செல்கிறார்.